குறுக்கே ஒரு பெருஞ்சாலை: குடியிருப்புப் பகுதிகளில் மிதிவண்டிப் பாதை வகுப்பதைப் பற்றி

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொலைவில் பெரும்பகுதி வாகனங்கள் அதிகம் வராத உள்தெரு. பதினொரு வயதுப் பிள்ளை அங்கே மிதிவண்டியில் போவதைப் பெற்றோர் தடுப்பதில்லை. மாலையில் அதே தெருவில்தான் அது விளையாடவும் செய்கிறது. ஆனால் வழியில் ஓரிடத்தில், நான்கு வரிசையாக வாகனங்கள் ஓடும் சாலை ஒன்று குறுக்கிடுகிறது. அதைக் கடக்க வேண்டிய தூரம் 12 மீட்டர்தான். அந்த 12 மீட்டருக்காகவே பிள்ளையைத் தினமும் காரிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அப்படி ஏற்றிச் செல்லும் வண்டிகள் பள்ளி வாசலில் கூடி, மிதிவண்டியில் வரக்கூடிய மற்றப் பிள்ளைகளுக்கும் அந்த இடத்தை ஆபத்தானதாக்குகின்றன.

குடியிருப்புப் பகுதிகளில் பாதுகாப்பான மிதிவண்டிப் பாதைகளைத் திட்டமிடுவதன் முழுச் சிக்கலும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஒரு பாதை எத்தனை கிலோமீட்டர் நீளம், அதற்கு என்ன வண்ணம் பூசியிருக்கிறது என்பதைவிட, அதன் மிக மோசமான இடம் எவ்வளவு மோசம் என்பதுதான் மக்கள் அதைப் பயன்படுத்துவார்களா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த மோசமான இடம் எது என்பதை அலுவலகத்தில் இருக்கும் வரைபடம் பெரும்பாலும் காட்டுவதில்லை. அது அந்தத் தெருவில் வசிப்பவர்களுக்குத் தெரியும். அதிலும், இன்று மிதிவண்டி ஓட்டாமல் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே பொதுமக்கள் கருத்துக் கேட்பைத் திட்டம் முடிந்தபின் செய்யும் சடங்காகக் கொள்ளாமல், திட்டத்துக்கான அளவீட்டுப் பணியின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

அந்த 12 மீட்டரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நின்ற நிலையிலிருந்து மிதிக்கத் தொடங்கும் ஒரு பிள்ளை உடனடியாக வேகம் எடுத்துவிடாது. காலை ஊன்றி, சமநிலை பிடித்து, மறுகரையை அடைந்து, பின்சக்கரமும் சாலையை விட்டு நீங்குவதற்கு ஏறத்தாழ 8 நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 8 நொடியில் 110 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அதாவது, இரு திசைகளிலும் 110 மீட்டருக்கு வாகனமே இல்லாத ஓர் இடைவெளி ஒரே நேரத்தில் கிடைத்தால்தான் அந்தப் பிள்ளை கடக்க முடியும். காலை நேர நெரிசலில் அப்படி ஓர் இடைவெளி வரவே வராது. அல்லது, பத்து நிமிடம் காத்திருந்து பொறுமையிழந்த பிள்ளை போதாத இடைவெளியில் புறப்பட்டுவிடும். வேகமாக நெருங்கிவரும் வாகனத்தின் வேகத்தைத் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளால் பெரியவர்களைப் போலச் சரியாகக் கணிக்க முடிவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்த்துப் போ என்று சொல்லி அனுப்புவது மட்டும் அந்தக் குறையை ஈடுசெய்யாது.

சாலையின் நடுவே ஒரு திட்டு அமைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும். பாதித் தூரத்தைக் கடந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபாதியைக் கடக்கலாம். ஆனால் அந்தத் திட்டின் அகலம் முக்கியம். ஒரு மிதிவண்டியின் நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர். நடந்து செல்பவர்களை மட்டும் மனத்தில் வைத்து 1.2 மீட்டர் அகலத்தில் திட்டுக் கட்டினால், அதில் நிற்கும் மிதிவண்டியின் முன்சக்கரமோ பின்சக்கரமோ ஓடும் வாகனங்களின் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தையைப் பின்னால் அமர்த்தியோ, சுமை வைத்தோ ஓட்டுபவர்களுக்கு இன்னும் அதிக இடம் வேண்டும். வரைபடத்தில் போதிய அகலமுள்ள திட்டும் இந்தக் குறுகிய திட்டும் ஒரே சின்னமாகத்தான் தெரியும். அந்த வழியே தினமும் போகிறவரிடம் கேட்டால், அங்கே நிற்க பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

வேகத்தைப் பற்றியும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் கார் முழுமையாக நின்ற இடத்தில் இரண்டாவது கார் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்து உயர்வதால், 50இல் மோதும் வாகனம் 30இல் மோதுவதைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலைச் செலுத்துகிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992இலேயே தன் குடியிருப்புத் தெருக்கள் அனைத்திலும் 30 கிலோமீட்டர் வரம்பைக் கொண்டுவந்ததற்கும், மிதிவண்டிகளும் நடந்து செல்வோரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் அதே வரம்பைச் சாலைப் பாதுகாப்பு குறித்த 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியதற்கும் அடிப்படை இதுதான்.

தனித்தடம் இல்லாத உள்தெருவில் மிதிவண்டியும் காரும் ஒன்றாகச் செல்லலாமா என்பதற்கு வேகத்தோடு எண்ணிக்கையும் சேர்ந்தே விடை சொல்கிறது. வட அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து அலுவலர் சங்கமான நாக்டோ, அத்தகைய தெருவில் ஒரு நாளைக்கு 1,500 வாகனங்களுக்கும் குறைவாக இருப்பது நல்லது, 3,000ஐத் தாண்டவே கூடாது என்று வழிகாட்டுகிறது. இந்த எண்ணிக்கையை எட்டுவதற்கு அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. பெரிய சாலையின் நெரிசலிலிருந்து தப்ப உள்தெருவைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் வாகனங்களை நிறுத்த வேண்டும். அதற்கு மிக எளிய கருவி, தெருவின் ஒரு முனையில் கார் நுழைய முடியாதபடி, ஆனால் மிதிவண்டியும் நடந்து செல்பவரும் போகும்படி நடப்படும் கம்பங்களே. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977இல் தன் மையப் பகுதியை நான்கு பிரிவுகளாக வகுத்து, ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாமல், வெளிவட்டச் சாலைக்குச் சென்று சுற்றி வரும்படி செய்தது. மிதிவண்டிக்கோ எல்லாப் பிரிவுகளுக்கும் நேர்வழி இருந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் இதே முறையைப் பின்பற்றியது. இந்த நகரங்களில் எந்தத் தெருவுக்கும் காரில் போக முடியாமல் போகவில்லை. தெருவின் ஊடாக வேறெங்கோ போவதுதான் முடியாமல் போயிற்று. கூட்டங்களில் இந்த வேறுபாட்டை எவ்வளவு தெளிவாக விளக்குகிறோமோ அவ்வளவுக்கு வீண் அச்சம் குறையும்.

கம்பங்களை நடும்போதும் கவனம் வேண்டும். மோட்டார் வாகனங்களைத் தடுக்கிறோம் என்று சொல்லி வளைந்து நெளிந்து செல்ல வேண்டிய குறுகலான தடுப்புகளை வைத்தால், மூன்று சக்கர மிதிவண்டியில் வரும் மாற்றுத்திறனாளியும், சக்கர நாற்காலியில் வருபவரும், குழந்தை வண்டியைத் தள்ளி வருபவரும்தான் முதலில் தடைபடுகிறார்கள். கம்பங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் விட்டால் இவர்கள் தாராளமாகச் செல்ல முடியும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வர வேண்டிய இடத்தில் பூட்டித் திறக்கக்கூடிய கம்பம் வேண்டும்; சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அவர்களோடு பேசி முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

துண்டு துண்டான பாதைகள்

ஒரு நல்ல பாதையைப் போட்டுக் காட்டினால் மக்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்ற எண்ணத்தை 1970களின் நடுவில் நெதர்லாந்து சோதித்துப் பார்த்தது. ஹேக், டில்பர்க் ஆகிய இரு நகரங்களிலும் நகரின் குறுக்கே ஒவ்வொரு தரமான மிதிவண்டிப் பாதை மாதிரியாக அமைக்கப்பட்டது. அந்தப் பாதைகளில் மிதிவண்டிகள் பெருகின. ஆனால் அவற்றில் பல ஏற்கெனவே பக்கத்துத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தவையே. நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் எதிர்பார்த்த மாற்றம் நிகழவில்லை. அந்தப் பாடத்தைக் கொண்டு 1980களில் டெல்ஃப்ட் நகரம் வேறு விதமாகச் சிந்தித்தது. நகர அளவில் ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒன்று, வட்டார அளவில் 200 முதல் 300 மீட்டருக்கு ஒன்று, குடியிருப்பு அளவில் 100 மீட்டருக்கு ஒன்று என மூன்று அடுக்குகளாகப் பாதைகளைப் பின்னி, விடுபட்ட இணைப்புகளைப் பாலங்களாலும் சுரங்கப்பாதைகளாலும் நிரப்பினார்கள். புதிதாகப் போட்ட சாலை நீளம் குறைவு. இணைத்த இடங்கள் அதிகம்.

அமெரிக்காவின் சான் ஹோசே நகரத்தைப் பற்றி 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதையே வேறு கோணத்திலிருந்து காட்டியது. பீட்டர் ஃபர்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒவ்வொரு தெருவையும், அதில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு ஏற்படும் பதற்றத்தின் அளவைக் கொண்டு நான்கு நிலைகளாகப் பிரித்தனர். முதல் நிலை குழந்தைகளுக்கும் ஏற்றது. இரண்டாம் நிலை பெரும்பாலான பெரியவர்கள் தாங்கக்கூடியது. நான்காம் நிலையில் துணிச்சல்காரர்கள் மட்டுமே ஓட்டுவார்கள். நகரின் தெருக்களில் பெரும்பாலானவை அமைதியானவைதாம். ஆனால் பெரிய சாலைகளால் அவை தீவுகளாகத் துண்டிக்கப்பட்டிருந்ததால், 6 மைலுக்குள் அடங்கும் வேலைப் பயணங்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை மட்டுமே இரண்டாம் நிலையைத் தாண்டாமல் முடிக்க முடியும் என்று தெரியவந்தது. தெருக்களின் சராசரியைப் பார்த்தால் நகரம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பயணங்களைப் பார்த்தால் உண்மை நிலை தெரியும். பாதையின் தரத்தை அதன் மோசமான துண்டைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்ற இந்த முறையின் அடிப்படையை எந்த ஊரின் குடியிருப்போர் குழுவும் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டு பின்பற்றலாம்.

எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது

இந்த மாற்றங்களுக்கெல்லாம் தொடக்கம் அலுவலகங்களில் மட்டும் நிகழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட இயக்கம் அதன்பின் எழுந்தது. பெற்றோர் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள், எந்தத் தெருவில் எது ஆபத்து என்று தாங்களே பட்டியலிட்டார்கள். வாகனங்கள் நடை வேகத்தில் மட்டுமே செல்லும் வசிப்பிடத் தெரு என்ற கருத்தும் டெல்ஃப்ட் நகரின் குடியிருப்புகளில் 1960களின் இறுதியில் தோன்றி, 1976இல் சட்ட ஏற்புப் பெற்றது.

இன்று பெரும்பாலான ஊர்களில் கருத்துக் கேட்பு நடைபெறுகிறது. ஆனால் அது நடைபெறும் விதத்தில்தான் குறை இருக்கிறது. அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அந்த ஏணியின் நடுப் படிகள். கேட்ட கருத்து முடிவை மாற்றும் என்ற உறுதி இல்லாதவரை அவை பெயரளவுப் பங்கேற்பே என்பது அவர் வாதம். முடிந்துபோன வரைபடத்தைச் சுவரில் மாட்டி, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் கூட்டம் அந்தப் படியைத் தாண்டுவதில்லை. அப்படிப்பட்ட கேள்விக்கு எவரும் தமக்கு எது பறிபோகும் என்பதை வைத்தே பதில் சொல்வார்கள். வாகனம் நிறுத்த இடம் போகும் என்பவரும் தனித்தடம் வேண்டும் என்பவரும் எதிரெதிரே நிற்பார்கள். எந்த முனையில் எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்ற தகவல் மட்டும் யாரிடமிருந்தும் வெளிவராது.

மாறாக, மேசைமேல் பெரிய வரைபடத்தை விரித்து வைத்து, உங்கள் வீட்டிலிருந்து கடைக்கு எப்படிப் போவீர்கள் என்று விரலால் காட்டச் சொன்னால் வேறொன்று நடக்கிறது. விரல் நேரான தெருவில் போகாமல் ஓரிடத்தில் வளைந்து இரண்டு தெரு சுற்றிச் செல்லும். ஏன் அப்படி என்று கேட்டால்தான், அந்த முனையில் லாரி திரும்பும்போது ஒதுங்க இடமில்லை என்பதும், மழை பெய்தால் வடிகால் மூடி வழுக்குகிறது என்பதும், ஆறு மணிக்கு மேல் அங்கே விளக்கு எரிவதில்லை என்பதும் வெளிவரும். எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறீர்கள், எந்த இடத்துக்கு அப்பால் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டீர்கள், எங்கே ஒருமுறை விழப் பார்த்தீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு வரும் பதில்களைச் சிவப்புப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டே வந்தால், முப்பது நாற்பது பேர் பேசி முடிப்பதற்குள் புள்ளிகள் ஒருசில இடங்களில் குவிந்துவிடும். காவல்துறையின் விபத்துப் பதிவேட்டில் அந்த இடங்கள் சில இருக்காது. ஏனென்றால் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் பதிவாவதில்லை, பயந்துபோய் எவரும் போகாத சாலையில் விபத்தும் நடப்பதில்லை.

கைப்பேசிச் செயலிகள் சேகரிக்கும் தரவுக்கும் இதே குறை உண்டு. ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் தம் பயணத்தைப் பதிவு செய்பவர்களில் உடற்பயிற்சிக்காக வேகமாக ஓட்டுபவர்கள் மிகுதி. அந்தத் தரவு இன்று மிதிவண்டி ஓட்டுபவர்கள் எந்த வழியில் போகிறார்கள் என்பதைச் சொல்லும். ஓட்ட விரும்பியும் ஓட்டாதவர்கள் எங்கே தடைபட்டு நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரின் மிதிவண்டி ஒருங்கிணைப்பாளராக இருந்த ரோஜர் கெல்லர் 2000களின் நடுவில் தம் நகர மக்களை நான்கு வகையாகப் பிரித்தார்: எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு, ஓரளவு நம்பிக்கையோடு ஓட்டுபவர்கள் 7 விழுக்காடு, எப்படியும் ஓட்டமாட்டோம் என்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு, ஆர்வம் இருந்தும் பயந்து தயங்குபவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு. இது முதலில் அவருடைய அனுபவத்திலிருந்து போட்ட மதிப்பீடுதான். பின்னர் நடந்த கணக்கெடுப்புகளிலும் தயங்குபவர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். பாதை யாருக்காகப் போடப்படுகிறதோ அவர்கள் இந்தப் பெரும்பான்மையினர். மாலைக் கூட்டத்துக்கு வருபவர்களோ பெரும்பாலும் மற்ற மூன்று வகையினர்.

ஆகவே கூட்டத்துக்கு அவர்கள் வருவார்கள் என்று காத்திராமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கு வரைபடத்தைக் கொண்டு செல்ல வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் பெற்றோர், மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துத் திரும்புபவர்கள், வாடகைக்குக் குடியிருப்பதால் குடியிருப்போர் சங்கத்தில் இடம் பெறாதவர்கள், வீட்டு வேலைக்காக வேறு பகுதியிலிருந்து மிதிவண்டியில் வருபவர்கள் ஆகியோரின் பாதைகள் வேறு. அவர்கள் பயணம் செய்யும் நேரங்களும் வேறு. குறிப்பாகப் பிள்ளைகளிடம் நேரே கேட்க வேண்டும். ஒரு வகுப்பறையில் பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னால், கட்டிப்போடாத நாயையும், கார் பின்னோக்கி வரும் வாசலையும், நிறுத்திய வாகனங்களுக்குப் பின்னால் எதிரே வருவது தெரியாத முனையையும் அவர்கள் வரைவார்கள். பெரியவர்களின் கண்மட்டத்துக்குத் தெரிவது 1.2 மீட்டர் உயரத்தில் தெரிவதில்லை.

அதன்பின் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, பொறியாளரும் குடியிருப்பவர்களும் சேர்ந்து மிதிவண்டியில் அந்தப் பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம். அது விடுமுறை நாள் காலையாக இல்லாமல், பள்ளி தொடங்கும் நேரமாக இருக்க வேண்டும். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி வெள்ளைக்கோடு போட்டு மிதிவண்டித் தடம் என்று எழுதியிருக்கும் தெருவில் ஓட்டும்போது, திடீரென்று ஒரு கார்க் கதவு திறந்தால் அது ஒரு மீட்டர் வரை நீளும், தடத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும் என்பதை அலுவலர் தம் கைப்பிடியின் அகலத்தைக் கொண்டே உணர்ந்துகொள்வார். அந்தக் கோட்டைப் போட்டதைவிடப் போடாமலே இருந்திருக்கலாம், ஏனென்றால் ஓட்டுபவரை ஆபத்தான இடத்துக்கு அது இழுத்துச் செல்கிறது.

கருத்து வேற்றுமை இதனால் மறைந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. வாடிக்கையாளர்கள் காரில்தான் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். நடந்தும் மிதிவண்டியிலும் வருபவர்களின் பங்கை அவர்கள் குறைத்து மதிப்பிடுவதைப் பல நகரங்களில் எடுத்த கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. அதை அவர்களிடம் வாதமாக வைப்பதைவிட, அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் வாசலில் நின்று எண்ணுவது மேல். இன்னொரு கவலை இதைவிட நியாயமானது. உள்தெருக்களை மூடினால் அங்கிருந்த வாகனங்கள் வெளிச்சாலைக்குப் போகும். அந்தச் சாலையோரம் வசிப்பவர்களும் மனிதர்களே, பல ஊர்களில் அவர்களே வசதி குறைந்தவர்கள். இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் தெரிந்ததுபோல் பேசக் கூடாது. வெளிச்சாலையிலும் வாகனங்களை முன்பும் பின்பும் எண்ணுவோம், இவ்வளவுக்கு மேல் கூடினால் திட்டத்தை இன்ன விதத்தில் மாற்றுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குவதே நேர்மையானது.

சோதனை முயற்சியின் பயன் இங்கேதான் இருக்கிறது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், பூந்தொட்டிகளையும் பெயர்த்தெடுக்கக்கூடிய கம்பங்களையும் வைத்துப் பார்க்கலாம். லண்டனின் வால்தம் ஃபாரஸ்ட் பகுதியில் 2014இல் சில தெருக்களைக் குறுகிய காலம் மூடிப் பார்த்து, அதில் கற்றதைக் கொண்டு நிலையான திட்டத்தை வகுத்தார்கள். அதே நகரில் 2020இல், பெருந்தொற்றின் அவசரத்தில், பல பகுதிகளில் முதலில் மூடிவிட்டுப் பிறகு கருத்துக் கேட்டபோது எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது. சில இடங்களில் சில மாதங்களிலேயே எல்லாம் அகற்றப்பட்டன, வேறு சில இடங்களில் இன்றும் நிலைத்திருக்கின்றன. சோதனைக் காலம் மிகக் குறுகியதாக இருந்தாலும் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். ஓட்டுநர்கள் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வாரங்கள் ஆகும். முதல் சில நாள்களின் நெரிசலை வைத்துத் திட்டத்தையே எடைபோடக் கூடாது. ஓர் ஆறு மாதமாவது ஓடவிட்டு, நடுவில் எந்தத் தேதியில் எந்த எண்களை வெளியிடுவோம் என்பதையும் தொடக்கத்திலேயே அறிவிப்பது நல்லது.

எதை எண்ணுவது என்பதும் குடியிருப்பவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டிய ஒன்று. மொத்த மிதிவண்டிகளை எண்ணும் கருவி, வேகமாகச் செல்லும் இளைஞர் ஐம்பது பேர் கூடியதையும் பள்ளிப் பிள்ளைகள் ஐம்பது பேர் புதிதாக வந்ததையும் ஒரே எண்ணாகவே காட்டும். பிள்ளைகள் எத்தனை பேர், முதியவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், நடைபாதையில் ஏறி ஓட்டுபவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று முனையில் நின்று கண்ணால் பார்த்து எண்ணினால்தான், தயங்கியவர்கள் வந்தார்களா என்பது தெரியும். கடக்கும் இடத்தில் ஒருவர் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்பதையும் கடிகாரம் வைத்துக் குறிக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அதே வரைபடத்தை அதே பள்ளி வாசலுக்கு எடுத்துச் சென்று, முன்பு சிவப்புப் புள்ளி வைத்தவர்களையே மறுபடி கேட்கலாம். சொன்னது எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, ஏன் நிறைவேறவில்லை என்று ஒவ்வொரு புள்ளிக்கும் நேராக எழுதியிருக்க வேண்டும். அந்த நான்கு வரிசைச் சாலையின் முனையில் இருந்த புள்ளிகளை அகற்ற அவர்கள் இசைகிறார்களா, இல்லை திட்டு இன்னும் அரை மீட்டர் அகலமாக வேண்டும் என்கிறார்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே, நிலையான கட்டுமானத்துக்கான வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும்.